புரொஜெக்ட் டிவா: பிஎஸ்பியில் கைவந்த பாட்டு சுவிட்சில் தவறுவது ஏன்?

சாரல்மாலை (கேள்வி)

வணக்கம். கைக்கருவிகளில் ரிதம் கேம் (பாட்டோடு சேர்ந்து திரையில் வரும் குறிகளுக்கேற்பப் பொத்தான் அழுத்தும் விளையாட்டு) ஆடிப் பழகியவர்கள் எனக்கு ஒரு சிக்கலை அவிழ்த்துத் தர வேண்டும்.

ஓராண்டுக்கு முன்பு பழைய பொருள்கள் விற்கும் கடை ஒன்றில் பிஎஸ்பி 3000 கருவியையும், 2010இல் ஜப்பானில் வெளியான 'ஹாட்சுனே மிக்கு: புரொஜெக்ட் டிவா செகண்ட்' விளையாட்டு வட்டையும் சேர்த்து வாங்கினேன். மெனு முழுவதும் ஜப்பானிய மொழியில் இருந்தது. ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாத நான், மேலிருந்து மூன்றாவது வரி இன்னது, வலப்பக்கக் கடைசிப் படம் இன்னது என்று இடத்தை வைத்தே எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டேன். ஈஸியில் தொடங்கி நார்மல், ஹார்டு என்று ஏறி, 'வேர்ல்ட் இஸ் மைன்' பாட்டை ஹார்டில் 'எக்ஸலண்ட்' மதிப்பீடு வரும் அளவுக்கு ஆடத் தேறிவிட்டேன். எனக்கு அது சிறிய சாதனை அன்று.

சென்ற மாதம் நிண்டெண்டோ சுவிட்சில் அதே தொடரின் 'மெகா மிக்ஸ்' வாங்கினேன். அதே பாட்டு, அதே ஹார்டு நிலை. ஆனால் மிகச் சரியாக அழுத்தியதற்கான 'கூல்' விழுந்துகொண்டிருந்த இடங்களில், நேரம் தப்பியதைக் காட்டும் 'சேஃப்', 'சேட்' என்று விழுகிறது. இரவில் வீட்டார் உறங்கிய பிறகே ஆடுவதால் ப்ளூடூத் ஹெட்போன் போட்டுக்கொள்கிறேன். விடுமுறை நாள்களில் கூடத்துத் தொலைக்காட்சியில் இணைத்து ஆடுகிறேன். இரண்டிலும் தவறுகிறது, ஆனால் இரண்டிலும் ஒரே மாதிரி தவறுவதில்லை. ஹெட்போனில் ஆடும்போது காது சொல்வதும் கண் சொல்வதும் ஒத்துப்போகாமல் எரிச்சலாக இருக்கிறது. தொலைக்காட்சியில் அந்த எரிச்சல் இல்லை. சரியாகத்தான் அழுத்தினேன் என்று நினைக்கும்போதே தவறு என்று காட்டுகிறது. இதற்கு மேல், வேகமே இல்லாத இடங்களில்கூட அடிக்கடி வேறொரு பொத்தானை அழுத்திவிடுகிறேன்.

எனக்கு வயது முப்பத்தெட்டு. கை மந்தமாகிவிட்டதா, அல்லது விளையாட்டு மாறிவிட்டதா?

வடம்பிடி (பதில் 1)

சாரல்மாலை அவர்களுக்கு, உங்கள் கையின்மேல் பழி போட வேண்டாம். நீங்கள் எழுதியதில் மூன்று வெவ்வேறு கோளாறுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன.

முதலில் ஹெட்போன். சுவிட்சில் ப்ளூடூத் ஒலி வசதி 2021 செப்டம்பரில் வந்த 13.0.0 புதுப்பிப்பில்தான் சேர்க்கப்பட்டது. ப்ளூடூத் ஒலி கருவியிலிருந்து கிளம்பி, சுருக்கப்பட்டு, காற்றில் வந்து, ஹெட்போனுக்குள் மீண்டும் விரிக்கப்பட்டு உங்கள் செவிக்கு எட்டுவதற்குள் 100 மில்லிநொடிக்கு மேல் கடந்துவிடுவது சாதாரணம். 150, 200 என்றும் போகும். படம் பார்க்கும்போதோ பாட்டு கேட்கும்போதோ இது பொருட்டில்லை. 'வேர்ல்ட் இஸ் மைன்' நிமிடத்துக்கு 165 அடி ஓடும் பாட்டு. ஓர் அடிக்கு ஏறத்தாழ 364 மில்லிநொடி, அதில் பாதி 182, கால் பங்கு 91. அப்படியானால் உங்கள் ஹெட்போன் 150 மில்லிநொடி தாமதித்தாலே பாட்டு அரை அடிக்குச் சற்றுக் குறைவாகப் பின்தங்கி உங்கள் காதில் விழுகிறது. திரையோ நேரத்துக்கு நிற்கிறது. கண்ணும் காதும் சண்டையிடுவதாக நீங்கள் சொன்னது இதுதான்.

தொலைக்காட்சியில் நடப்பது வேறு. அங்கே படமும் ஒலியும் சேர்ந்தே தாமதிக்கின்றன. படத்தை மெருகேற்றும் வேலைகளைத் தொலைக்காட்சி முடித்துக்கொண்டுதான் திரையில் காட்டும். ஆகவே கண்ணுக்கும் காதுக்கும் பிணக்கு இல்லை. நீங்கள் பார்த்துக் கேட்டு அழுத்தும் வேளைக்குள் கருவியின் கணக்கில் அந்தத் தருணம் கடந்து போயிருக்கும். தொலைக்காட்சியின் அமைப்புகளில் 'கேம் மோடு' இருந்தால் அதை இயக்குங்கள். விளையாட்டின் அமைப்புகளுக்குள்ளும் நேரத்தை முன்பின் நகர்த்தும் வசதி உண்டு. ஆனால் அந்த எண்ணைத் தொலைக்காட்சிக்காக மாற்றிவிட்டுப் பிறகு கையில் எடுத்து ஆடினால் மறுபடி குழப்பம் வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஒரு சோதனை சொல்கிறேன். ஒலியை முழுவதும் அணைத்துவிட்டு, கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, குறிக்குள் கடிகார முள் போலச் சுழலும் கம்பி உச்சியைத் தொடும் கணத்தை மட்டும் பார்த்து ஒரு பாட்டை ஆடுங்கள். மதிப்பெண் ஏறினால் குற்றவாளி உங்கள் காதுக்குப் போகும் வழிதான். அப்புறம் கம்பி வைத்த சாதாரண இயர்போனைச் செருகி ஆடிப் பாருங்கள். பிஎஸ்பியில் உங்களுக்கு எல்லாம் கூடி வந்ததற்கு ஒரு காரணம், அந்தக் கருவியில் திரையும் ஒலியும் பொத்தானும் ஒரே உடம்பில் இருந்தன. இடையில் காலம் கடத்த எவரும் இல்லை.

மூன்றாவதுதான் எனக்குச் சிரிப்பை வரவழைத்தது, மன்னியுங்கள். பிஎஸ்பியில் பெருக்கல் குறி போட்ட பொத்தான் கீழே இருக்கிறது. சுவிட்சில் 'எக்ஸ்' என்று எழுதிய பொத்தான் மேலே இருக்கிறது. ஓராண்டு காலம் அந்த வடிவத்தைக் கண்டதும் கீழே இறங்கிப் பழகிய கட்டைவிரல், இப்போது அதே வடிவத்தைக் கண்டு மேலே ஏற வேண்டும். வேகமான இடத்தில் விரல் யோசிக்காமல் போய்விடும், மெதுவான இடத்தில்தான் யோசித்து மாட்டிக்கொள்ளும். அமைப்புகளில் பொத்தான் சின்னங்களை அம்புக்குறிகளாக மாற்றிக்கொள்ளலாம். எழுத்தை வாசிக்கும் வேலை ஒழிந்து, திசை மட்டும் மிஞ்சும்.

மூன்றாம்காலம் (பதில் 2)

வடம்பிடி அவர்கள் கருவியின் பக்கத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் பாட்டின் பக்கத்தைச் சொல்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகள் மிருதங்கம் பயின்றவன் என்ற முறையில், இந்த விளையாட்டில் முதல் மூன்று மாதம் நான் பட்ட அவமானம் சாரல்மாலைக்குப் பயன்படலாம்.

தாளம் தெரிந்தவன் இதில் எளிதாக வென்றுவிடுவான் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். டிரம்ஸைப் பிடித்துக்கொண்டு, சமத்தை, அதாவது தாளச் சுற்றின் தொடக்க அடியை, மனத்தில் வைத்துக்கொண்டு அழுத்தினேன், வரிசையாகத் தவறியது. பிறகுதான் புரிந்தது, பாடல் பகுதிகளில் இந்த விளையாட்டின் சார்ட் (எந்தக் கணத்தில் எந்தப் பொத்தான் என்ற வரிசை) தாளத்தின்மேல் எழுதப்படவில்லை, சாகித்யத்தின்மேல், அதாவது பாடல் வரிகளின்மேல், எழுதப்பட்டிருக்கிறது. விளையாட்டில் பாடும் மிக்கு வாயைத் திறக்கும் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நோட்டு, அதாவது அழுத்த வேண்டிய ஒரு குறி. எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) சமத்துக்கு முன்னால் இருந்தால் நோட்டும் முன்னால்தான் வரும். பக்கவாத்தியக்காரனாக உட்காராமல் பாடுபவரோடு கூடவே உதடசைப்பவனாக உட்கார்ந்த பிறகுதான் எனக்கு 'கூல்' சங்கிலி நீண்டது.

இதற்கு ஒரு காரணம் அந்தக் குரல் பிறந்த விதத்திலேயே இருக்கிறது. மிக்கு என்பது முதலில் விளையாட்டுப் பாத்திரம் அன்று. சப்போரோ நகரின் கிரிப்டன் ஃபியூச்சர் மீடியா நிறுவனம் 2007 ஆகஸ்ட் 31 அன்று வெளியிட்ட பாட்டு மென்பொருள். யமஹாவின் வோக்கலாய்டு 2 தொழில்நுட்பத்தில், சாகி ஃபுஜிதா என்ற குரல் நடிகை ஒலித்துக் கொடுத்த ஒலித்துண்டுகளைக் கோத்து அது பாடும். பாட்டு அமைப்பவர் திரையில் ஒரு சுரத்தைக் கட்டையாக வரைந்து அதற்குள் ஓர் அசையை எழுதுவார். அடுத்த சுரம், அடுத்த அசை. அசைக்கு ஒரு கட்டை என்று பிறந்த பாட்டை அசைக்கு ஒரு பொத்தான் என்று விளையாட்டாக்குவது எவ்வளவு இயல்பாகப் பொருந்தும் என்று பாருங்கள்.

இனி, தமிழ்க் காதுக்கு மட்டுமே வரும் ஓர் இடறல். 'நிப்பொன்' என்ற சொல்லை நாம் அலகிட்டால் நிப், பொன் என்று இரண்டு நேரசை, தேமா; ஒற்றை நாம் தனியே எண்ணுவதில்லை. ஜப்பானியர் அதையே நான்கு கால அளவாக எண்ணுவார்கள்: நி, ப், பொ, ன். அவர்கள் கணக்கில் 'ன்' ஒரு முழு எழுத்து. பாட்டில் பல சமயம் அதற்குத் தனிச் சுரமே கிடைக்கும். 'ப்' போன்ற இரட்டிப்பு ஒரு நொடிப்பொழுது மௌனமாக இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே நம் காதுக்கு ஓர் அழுத்தம் போதும் என்று தோன்றுகிற இடத்தில் சார்ட் இரண்டு கேட்கும். நான் தவறவிட்ட நோட்டுகளைப் பதிவு செய்து திரும்பப் பார்த்தபோது, அவற்றில் நிறைய இந்த 'ன்' நோட்டுகளாகவே இருந்தன. பொருள் தெரிய வேண்டாம்; திரையின் அடியில் ஓடும் வரியில் ஜப்பானிய 'ன்' எழுத்தின் வடிவத்தை மட்டும் கண்டுகொள்ளப் பழகினால் போதும்.

குரல் மனிதக் குரல் அல்ல என்பதும் ஆட்டத்தில் தெரியும். 'ஹாட்சுனே மிக்குவின் மறைவு' என்று பொருள்படும் பாட்டு நிமிடத்துக்கு 240 அடி ஓடுகிறது. அதில் கால் அடி என்பது 62.5 மில்லிநொடி. மூச்சு வாங்காத ஒருத்திக்காகவே எழுதப்பட்ட சாகித்யம் அது. உதடசைத்துக் கூடவே போகும் என் உத்தி அங்கே மட்டும் உதவாது. அங்கே ஜதி சொல்வது போல நான்கு நான்காகக் கட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

பழையகருவி (பதில் 3)

மூன்றாம்காலம் சொன்ன 'ன்' கணக்கை இனி நானும் பயன்படுத்திக்கொள்வேன், நன்றி. ஆனால் சாரல்மாலையின் கேள்விக்கு அது விடையாகாது. பிஎஸ்பியிலும் அதே ஜப்பானிய மொழிதான். அங்கே அவர் எக்ஸலண்ட் வாங்கியிருக்கிறார். இடைவெளி இசை வரும் இடங்களில் சார்ட் கிட்டாரையும் கீபோர்டையும் பின்தொடரும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ஹார்டுக்கும் மேலான எக்ஸ்ட்ரீம் நிலையில் பாடும்போதே வாத்தியத்துக்குத் தாவும் சார்ட்டுகளும் உண்டு.

உண்மையில் அவர் ஆடுவது அதே சார்ட் அன்று. பாட்டின் பெயரும் நிலையின் பெயரும் ஒன்றாக இருப்பதால் அப்படித் தோன்றுகிறது.

புரொஜெக்ட் டிவாவுக்கு இரண்டு கிளைகள் உண்டு. முதற்கிளை 2009 ஜூலை 2 அன்று பிஎஸ்பிக்கு வந்தது. சேகாவுக்காக டிங்கோ நிறுவனம் செய்தது. அதன் வழியில் 2010இல் செகண்ட், 2011இல் எக்ஸ்டெண்ட், பிறகு பிஎஸ்பிக்கு அடுத்து வந்த வீட்டா கருவிக்கு 2012இல் 'எஃப்', 2014இல் 'எஃப் செகண்ட்' ஆகியவை வந்தன. இரண்டாம் கிளை, ஜப்பானின் விளையாட்டுக் கூடங்களில் (ஆர்கேட்) காசு போட்டு நின்றுகொண்டு ஆடும் பெரிய இயந்திரம். சேகாவின் ஏஎம்2 பிரிவு செய்து 2010 ஜூனில் இறக்கியது. அந்த ஆர்கேட் சார்ட்டுகள்தான் 2016இல் பிளேஸ்டேஷன் 4க்கு 'ஃபியூச்சர் டோன்' ஆகி, 2020 பிப்ரவரியில் ஜப்பானில் சுவிட்சுக்கு 'மெகா மிக்ஸ்' ஆக வந்தன. ஜப்பானியப் பெயரில் 39 என்ற எண் இருக்கும். மூன்றுக்கு 'மி', ஒன்பதுக்கு 'கு' என்று வாசித்தால் அவள் பெயர்.

ஆர்கேட் இயந்திரத்தில் உள்ளங்கை அளவுள்ள நான்கு பொத்தான்கள் முக்கோணம், சதுரம், பெருக்கல் குறி, வட்டம் என்று ஒரே வரிசையில் இருக்கும். இரண்டு கைகளும் அவற்றின்மேல் காத்திருக்கும். அதனால் சார்ட் எழுதியவர் இரண்டு, மூன்று பொத்தான்களை ஒருசேரக் கேட்கத் தயங்கவில்லை. பிஎஸ்பி சார்ட் அப்படியன்று. அது பெரும்பாலும் வலக் கட்டைவிரலுக்கு எழுதியது. இரட்டை அழுத்தம் என்றால் அம்புக்குறி நோட்டு, அதற்கு இடக்கைத் திசைப் பொத்தானும் அதே திசையிலுள்ள வலக்கைப் பொத்தானும் சேர்ந்தால் போதும். ஒரே திசை, இரண்டு கை. மெகா மிக்ஸிலோ ஒரே நேரத்தில் வலப்பக்கப் பொத்தானையும் இடப்பக்கப் பொத்தானையும் கேட்கும் இடத்தில், எதை இடக்கையால் எடுப்பது, எதை வலக்கையால் எடுப்பது என்று ஆடுபவரே தீர்மானிக்க வேண்டும். எனக்கு இது கைவர ஆறு வாரம் ஆயிற்று. இடப்பக்கமும் கீழும் உள்ளவை எப்போதும் இடக்கைக்கு, மேலும் வலப்பக்கமும் உள்ளவை வலக்கைக்கு என்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். வேறு விதி வைத்து என்னைவிட நன்றாக ஆடுபவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொன்று, பிடித்து வைக்கும் நோட்டு. செகண்டில் அறிமுகமான நீண்ட நோட்டில், பிடிப்பதற்கு ஒரு கணம், விடுவதற்கு ஒரு கணம், விடுவதும் மதிப்பிடப்படும். ஆர்கேட் கிளையில் 'ஹோல்டு' என்பது வெறும் கூடுதல் புள்ளிக்கு. பிடித்துக்கொண்டே இருந்தால் புள்ளி சேரும், விட்டுவிட்டால் சேர்வது நிற்கும், தவறு என்று எதுவும் விழாது. பிஎஸ்பியிலிருந்து வருபவர்கள் விடும் கணத்துக்காகக் காத்திருந்தே அடுத்த நோட்டைக் கோட்டைவிடுகிறார்கள். சாரல்மாலையும் அப்படித்தான் செய்கிறாரோ என்று சந்தேகிக்கிறேன்.

அந்தப் பிஎஸ்பியை மட்டும் விற்றுவிடாதீர்கள். பின்மூடி சற்று எழும்பியது போலத் தெரிந்தால் பேட்டரி உப்புகிறது என்று பொருள், உடனே கழற்றிவிடுங்கள். என்னுடைய முதல் கருவியை இதைக் கவனிக்காமல்தான் இழந்தேன்.

வடம்பிடி (பதில் 4)

பழையகருவி சொல்வதை ஏற்கிறேன். சார்ட் வேறு என்பதை நான் சொல்லாமல் விட்டது பெரிய விடுபடல். ஆனால் தாமதத்தை முதலில் தீர்க்காமல் சார்ட்டைப் பழகினால், தாமதத்தோடு சேர்த்தே விரல் பழகிவிடும். வரிசை முக்கியம்.

இரவல்பேனா (பதில் 5)

இடையில் நுழைகிறேன். திரை முழுவதும் நோட்டு தாவித் தாவி வருவதே கண்ணுக்குச் சிரமம் என்றால், நிண்டெண்டோ 3டிஎஸ் கருவியின் 'புரொஜெக்ட் மிராய் டிஎக்ஸ்' நல்ல மாற்று. அதில் ஒரே கோடு. அந்தக் கோட்டின் வழியே நோட்டுகள் வரும். கண் எங்கும் ஓட வேண்டாம். பாத்திரங்கள் பெரிய தலையும் சிறிய உடலுமாக நெண்டொராய்டு பொம்மை உருவில் இருப்பார்கள். ஆனால் 3டிஎஸ் கருவிக்கு நாட்டுப் பூட்டு உண்டு. ஜப்பானிய அட்டை அமெரிக்கக் கருவியில் ஓடாது. இணையக் கடையையும் 2023 மார்ச்சில் மூடிவிட்டார்கள் என்பதால் பழைய அட்டையாகத்தான் தேட வேண்டும்.

சாரல்மாலை (கேட்டவர்)

அனைவருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன். சொன்னவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன்.

ஒலியை அணைத்து ஆடும் சோதனையில் மதிப்பெண் ஏறியதைப் பார்த்து உண்மையிலேயே வெட்கப்பட்டேன். பாட்டு விளையாட்டைப் பாட்டில்லாமல் நன்றாக ஆடுகிறேன். மறுநாள் அலமாரியில் கிடந்த பழைய கம்பி இயர்போனைச் செருகியதும் கண்ணும் காதும் ஒன்றுசேர்ந்தன. சின்னங்களை அம்புக்குறியாக மாற்றியதில் தவறான பொத்தான் அழுத்துவது பெருமளவு நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் தவறிய இடங்களைத் தாளில் குறித்துப் பார்த்தேன். பழையகருவி அவர்கள் சந்தேகித்தது சரி: ஹோல்டு நோட்டை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டு நின்ற இடங்கள் ஏழு, இரட்டை அழுத்தத்தில் கை குழம்பிய இடங்கள் ஐந்து. மூன்றாம்காலம் அவர்களே, 'ன்' எழுத்தால் தவறியது ஒன்றே ஒன்றுதான். ஆனால் பிஎஸ்பியிலும் அந்தப் பாட்டில் எனக்கு எப்போதும் தவறும் ஓரிடம் உண்டு, அது ஏன் என்று ஓராண்டாகத் தெரியாமல் இருந்தது, இப்போது தெரிந்தது.

நேற்று இரவு ஹார்டில், எக்ஸலண்டுக்கு ஒரு படி கீழான 'கிரேட்' வந்தது. தொலைக்காட்சியில் கேம் மோடு இல்லை, பழைய பெட்டி. அதில் ஆடுவதை விட்டுவிட்டேன். கூடத்தில் ஆட வேண்டுமென்றால் சுவிட்சின் இருபக்கக் கைப்பிடியான ஜாய்கானைக் கழற்றிக் கையை வீசி ஆடும் 'மிக்ஸ் மோடு' இருக்கிறதே, அது எப்படி இருக்கும்?

பழையகருவி (பதில் 6)

அது வேறு விளையாட்டு. கையைச் சாய்த்துக் கோட்டை நகர்த்திப் பொத்தானைத் தட்டுவது. பிள்ளைகளோடு ஆடச் சுவையாக இருக்கும், ஹார்டு பழகுவதற்கு ஒன்றும் உதவாது. நீங்கள் கிரேட் வாங்கிய அதே பாட்டை, ஹோல்டு நோட்டு எதையும் அரை நொடிக்கு மேல் பிடிக்காமல், மூன்று நாள் ஆடிவிட்டு வாருங்கள்.

சாரல்மாலை (கேட்டவர்)

சரி. இன்று இரவே தொடங்குகிறேன். பிஎஸ்பியின் பின்மூடியையும் பார்த்தேன், சற்று எழும்பித்தான் இருந்தது; பேட்டரியைக் கழற்றித் தனியே வைத்துவிட்டேன்.

பழையகருவி (பதில் 7)

வீட்டுக்குள் வைத்திருக்க வேண்டாம். அதைக் குத்தவோ அமுக்கவோ செய்யாமல், எரியும் பொருள்கள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, மின்கழிவு வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். அதுவரை பிஎஸ்பியைச் சார்ஜர் கம்பியில் செருகியே ஆடலாம். பேட்டரி இல்லாமலும் அது இயங்கும்.